கடைசி ஆணியில் ஏழாம் தட்டு

அத்தியாயம் 11

"நாளைக்கு என் வீட்டுக்காரருக்குக் கருமாதி. அதுக்குள்ள அந்தக் கொலைகாரன் யாருன்னு எனக்குத் தெரியணும் சார்."

தனுஷிகா அழாமல்தான் சொன்னாள். அழுதிருந்தால் கௌசிக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

சிவப்பு பிளாஸ்க்கைச் சாய்த்து அவள் தேத்தண்ணீர் ஊற்றினாள். பிளாஸ்க்கின் மூடி எந்தக் காலத்திலோ தொலைந்துபோயிருந்தது. அதற்குப் பதிலாக விளிம்பு நசுங்கிய சில்வர் டம்ளர் ஒன்று அதன் தலையில் கவிழ்ந்திருந்தது. கௌசி வாங்கிக் குடித்தாள். சீனி இல்லை. இழவு வீட்டில் சீனி கேட்கும் அளவுக்கு அவள் வாய் இன்னும் கெட்டுப்போகவில்லை.

அந்த வாய்தான் அவளுடைய சொத்து. ஹட்டனில் செருப்புக் கடை மாடியில் இருக்கும் துப்பறியும் நிலையத்துக்கு அவள்தான் ஆட்டோ சாரதி, அவள்தான் உதவியாளர், தொந்தரவு கொடுக்க வருகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புவதும் அவள்தான். முதலாளி பிரதாபன் காப்புறுதிக் கம்பெனிக்காக விபத்துகளை விசாரித்து ஓய்ந்தவர். அவர் விழுங்கிவிடும் பேச்சையெல்லாம் சேர்த்துக் கௌசி பேசிவிடுவாள்.

"அன்னைக்கு நடந்ததை இன்னொரு தடவை சொல்லுங்கம்மா" என்றார் பிரதாபன்.

"சனிக்கிழமை மத்தியானம் போட்டை எடுத்துக்கிட்டுப் போனாரு. எனக்கு டிக்கோயா ஆஸ்பத்திரியில நைட் டியூட்டி. பொழுதடையுற நேரம் பனி இறங்கிருச்சு. அவருக்குப் போன் போட்டேன், எடுக்கல. மாமாவுக்குப் போட்டுப் பாத்துக்கச் சொன்னேன். அப்பவும் மனசு கேக்கல. கொஞ்ச நேரங்கழிச்சு சங்கத்துக்கே போட்டேன். 'உங்க வீட்டுக்காரர் தட்டு கரையில இருக்கு, வந்துட்டார்'னு சொன்னாங்க. நிம்மதியா வார்டுக்குப் போயிட்டேன் சார். ராத்திரி முழுக்க ஊரார் பிள்ளைங்களுக்குப் போர்வை போத்திவிட்டுக்கிட்டு இருந்தேன்."

கௌசி கோப்பையைக் கீழே வைத்தாள்.

காசல்ரீ நீர்த்தேக்கத்துப் படகுச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. படகுத்துறைக் கொட்டகையில் ஒரு பெரிய பலகை. அதில் இலக்கமிட்ட இரண்டு வரிசை ஆணிகள். மேல் வரிசை தண்ணீர், கீழ் வரிசை கரை. ஒவ்வொரு படகுக்கும் இலக்கம் போட்ட பித்தளைத் தட்டு ஒன்று. கிளம்பும்போது தட்டை மேலே மாட்ட வேண்டும், திரும்பி வந்தால் கீழே. இருட்டும் நேரத்தில் மேல் வரிசையில் ஒரு தட்டு மிஞ்சினாலும் மொத்தச் சங்கமும் விளக்கோடு தண்ணீரில் இறங்கிவிடும்.

அன்று ஜீவராஜின் ஏழாம் தட்டு கீழே தொங்கியது. ஜீவராஜோ தண்ணீரில் இருந்தான்.

மறுநாள் காலையில் நடு ஏரியில் ஒரு பாறைத் திட்டில் அவனைக் கண்டெடுத்தார்கள். எஞ்சின் விசிறியில் சிக்கிய பாசியை எடுக்கத் தண்ணீரில் இறங்கியவனின் கால் விசிறியில் மாட்டி நசுங்கியிருந்தது. படகு கைநழுவிப் போய்விட, திட்டு வரைக்கும் நீந்தியிருக்கிறான். ஆனால் அவனைக் கொன்றது காயமல்ல, குளிர். விடியும்வரை உயிர் இருந்திருக்கிறது என்றார் டாக்டர். பொலிசுக்கு அது விபத்து. தனுஷிகாவுக்கு அப்படி இல்லை. ஒரு தட்டு மேலே இருந்திருந்தால் அவள் புருஷன் இன்று உயிரோடு இருப்பான்.

"அந்த செக்ரட்டரி யோகேஸ்வரன்தான் சார்" என்றாள் அவள். "தோட்டத்துக் கூலி லயத்துல பொறந்தவன் எங்களுக்குச் சமமா பாய் விரிச்சுப் போட் விடுறதான்னு அவருக்கு முதல்ல இருந்தே காந்தல். இவரு ரெண்டு தடவை பிந்தி வந்தாருன்னு எல்லார் முன்னாலயும் சொன்னாரு. மூணாவது தடவை பிந்தினா சங்கத்தை விட்டு வெளியன்னாரு. கருமாதி முடிஞ்ச கையோட அவரு பேர்ல பொலிசுல முறைப்பாடு குடுக்கப் போறேன். அவரு ஜெயிலுக்குப் போறதைப் பாத்துட்டுத்தான் நான் அழுவேன்."

வாசல் நாற்காலியில், தூரத்து ஏரியைப் பார்த்தபடி ஜீவராஜின் அப்பா ஆண்டியப்பன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஆறிப்போன சோறு. தலைக்கு மேலே ஆணியில் அவருடைய வெற்றிலைச் சுருக்குப்பை தொங்கியது.

"மாமா சோறே திங்கிறதில்ல" என்றாள் தனுஷிகா, குரலைத் தாழ்த்தி. "எந்நேரமும் வாயில வெத்தலையோட இருந்தவரு, இப்ப அதையும் விட்டுட்டாரு. எங்க அத்தை பேரைத்தான் போட்டுக்கு வச்சிருந்தாரு இவரு. வேலாயின்னு. தினமும் சாயங்காலம் பொண்டாட்டி பேரு தண்ணியில மிதக்குறதைப் பாக்கப் போவாரு மாமா. மெம்பர் இல்லாதவங்களை உள்ள விட மாட்டாங்க. வேலிக்கு வெளிய நின்னு பாத்துட்டு வருவாரு."

"அன்னைக்கு அவர் யாரையாச்சும் பாத்தாராம்மா?"

"பனியில ஒண்ணும் தெரியலன்னுட்டாரு."

கிளம்பும்போது கௌசி குனிந்து, "போயிட்டு வர்றோம்ங்க ஐயா" என்றாள்.

பெரியவர் திரும்பவில்லை. "பனி இறங்குறதுக்குள்ள கரைக்கு வந்துருங்க பிள்ளைகளா" என்றார்.

*

ஆட்டோ தேயிலை மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கியது.

"சார், ஜீவராஜோட போட்டை மோட்டார்செய்லர்னு சொல்றாங்களே, அப்படின்னா என்னாங்க? போட்டா, கப்பலா?"

"பாயும் இருக்கும், எஞ்சினும் இருக்கும். காத்து அடிச்சா பாய். காத்து நின்னா எஞ்சின்."

"ரெண்டு பொண்டாட்டிக்காரன் மாதிரின்னு சொல்லுங்க. ஒருத்தி கோவிச்சுக்கிட்டா மத்தவ சோறு போடுவா."

"ரெண்டு பேரும் ஒரே நாள்ல கோவிச்சுக்கிட்டா?"

கௌசி ஹாரனை அழுத்தினாள். எதிரே வண்டி ஏதும் வரவில்லை.

ஜீவராஜைப் பற்றி அவளுக்குத் தெரியும். டிக்கோயாவில் யாருக்குத்தான் தெரியாது? ஊர் ஊராகக் கப்பல் எஞ்சின் அறையில் வெந்துவிட்டு வந்தவன். திருகோணமலையில் ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன பழைய மோட்டார்செய்லரை வாங்கி, லொறியில் ஏற்றி, மலைக்குக் கொண்டுவந்தான். கினிகத்தேனை வளைவுகளில் லொறி திணறியபோது ஆட்கள் கடைகளை விட்டு வெளியே வந்து, 'மலைக்குக் கப்பல் வருதுடோய்!' என்று கத்தினார்கள். கௌசியும் தன் ஆட்டோவை நிறுத்திவிட்டுக் கத்தியிருக்கிறாள். லொறியின் மேல், பாய்மரத்தைக் கட்டிப்பிடித்தபடி அவன் எல்லோருக்கும் கை காட்டிக்கொண்டே போனான். மாப்பிள்ளை ஊர்வலம்கூட அவ்வளவு சந்தோஷமாகப் போனதில்லை.

*

சங்கத்து வாசலில் காவல்காரர் வீரய்யா கேட்டைத் திறந்தார். உள்ளே பல் டாக்டரின் படகு, வங்கி மேனேஜரின் படகு, தோட்டத்துத் துரையின் படகு எல்லாம் வரிசையாகக் கட்டிக்கிடந்தன. கடைசியில், மறுநாள் தேடிப் பிடித்து இழுத்து வந்து கட்டிய 'வேலாயி', வெள்ளை உடம்பும் நீலக் கோடுமாக. அதற்குள் ஒருவர் கால்சட்டையைச் சுருட்டிவிட்டு, வாளியால் மழைத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்.

"யோகேஸ்வரன் எங்க இருக்காருங்க?" என்று கேட்டாள் கௌசி.

"நான்தான்" என்றார் வாளிக்காரர்.

கௌசி பிரதாபனைப் பார்த்தாள். "கொலைகாரன் வேலைக்காரன் வேலையும் பாக்குறாரு சார்" என்று முணுமுணுத்தாள்.

யோகேஸ்வரனுக்கு அது கேட்டுவிட்டது. அவருடையது ஹட்டன் கடைவீதியில் மூன்று தலைமுறையாக இரும்புக் கடை வைத்திருக்கும் குடும்பம். கரையேறிக் கையைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் பிள்ளை தனுஷிகா என்னைத்தான் சொல்லுதுன்னு எனக்குத் தெரியும். சொல்லட்டும். முதல்ல நான் ஜீவராஜை வேண்டாம்னுதான் சொன்னேன். பொய் சொல்ல மாட்டேன். ஆனா வந்த முதல் மாசமே அத்தனை பேர் எஞ்சினையும் அவன் கையாலதான் சரி பண்ணிக் கொடுத்தான். எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கு. தினமும் காலையில 'இன்னைக்குக் காத்து எப்படி?'ன்னு கேட்டு முதல்ல எழுதுறது அவன்தான். இப்பவும் விடிஞ்சதும் போனைத்தான் பாக்குறேன்."

"பிந்தி வந்தா விலக்கிருவோம்னு ஏன் மிரட்டினீங்க?" பிரதாபன் கேட்டார்.

"மிரட்டலை. ரெண்டு தடவையும் பனிக்குப் பயந்து அக்கரையில படகைக் கட்டிட்டு பஸ்ல வீட்டுக்குப் போயிட்டான். சங்கத்துக்கு ஒரு வார்த்தை சொல்லலை. நாங்க அவ்வளவு பேரும் பனியில அவனைத் தேடிக்கிட்டிருந்தோம். அந்தத் தட்டு தண்டிக்கிறதுக்கு இல்லைங்க. யாரைத் தேடிப் போகணும்னு தெரியுறதுக்குத்தான். அன்னைக்குப் பனியில எந்தப் படகு கட்டியிருக்கு, எது இல்லைன்னு கண்ணுக்குத் தெரியலை, தட்டைத்தான் நம்பினோம். அன்னைக்கு அது மேல இருந்திருந்தா முதல் படகு என்னோடதுதான்."

அவர் மறுபடியும் வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

பிரதாபன் பலகைக்கு முன்னால் போய் நின்றார். "கௌசி, அவர் ஜீவராஜை விரட்டணும்னு நெனச்சிருந்தா என்ன செஞ்சிருப்பார்?"

"தட்டைத் தொடாம விட்டிருப்பாரு" என்றாள் கௌசி. சொன்ன பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது. "தட்டு மேலேயே இருந்தா மூணாவது லேட்டு. ஆள் அதோட வெளிய!"

"அப்ப தட்டை இறக்கினது யாரு?"

"அவரு பிந்திட்டாருன்னு யாருக்கும் தெரியக் கூடாதுன்னு நெனச்ச யாரோ."

"எதிரியா?"

கௌசி பலகையை நெருங்கிப் பார்த்தாள். பலகை ஓரத்துத் தூணில், கடைசி ஆணிக்குப் பக்கத்தில், விரலால் இழுத்தது போல ஒரு வெள்ளைக் கோடு. சுரண்டி மோந்து பார்த்தாள்.

"பெயின்ட் இல்ல சார். சுண்ணாம்பு. வெத்தலை போடுற ஆளு மிச்சச் சுண்ணாம்பைத் தடவியிருக்காரு. எங்க ஊர்ல தூணைக் கண்டா நாய்க்கு ஒரு ஆசை, வெத்தலைக்காரனுக்கு ஒரு ஆசை."

"பல் டாக்டரும் மேனேஜரும் வெத்தலை போடுவாங்களா?"

"பல் டாக்டர் போட்டா அவரு பொழைப்பு நாறிரும்." கௌசி வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "வீரய்யாண்ணே! ஒரு வெத்தலை குடுங்க!"

"வாயில புண்ணு வந்து டாக்டர் நிப்பாட்டிட்டாரு ஆயி" என்றார் வீரய்யா. "சவர்க்காரம் போட்டுக் கழுவின மாதிரி இருக்கு வாயி. பாக்குறியா?"

"வேணாம்ணே, நான் சாப்பிட்டுட்டேன். அன்னைக்குச் சாயந்தரம் கேட்டுல நீங்கதானே இருந்தீங்க?"

"இல்லியே. மேனேஜர் மகளுக்குப் பொறந்தநாளு. கேக்கு வாங்க என்னை நோர்வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. வந்ததும் இந்தக் கொட்டகையிலதான் கேக்கு வெட்டினாங்க. போட்டோகூட எடுத்தாங்களே."

போட்டோ யோகேஸ்வரனின் போனில் இருந்தது. பிரதாபன் அதைப் பெரிதாக்கினார். சிரிக்கும் முகங்கள், முகமெல்லாம் க்ரீம். பின்னால் பலகை. ஏழாம் தட்டு கீழ் வரிசையில்தான் இருந்தது.

"ஆனா ஏழாவது ஆணியில இல்ல" என்றார் பிரதாபன். "ஏழாவது ஆணி வெறுமையா இருக்கு. தட்டு வரிசையோட கடைசி ஆணியில தொங்குது. எந்த மெம்பரும் தன் இலக்கத்தை விட்டு வேற ஆணியில மாட்ட மாட்டான். அவசரத்துல மாட்டினா பக்கத்து ஆணியில மாட்டலாம். இவ்வளவு தூரம் நடந்து போய்க் கடைசியில ஏன் மாட்டணும்? இதுதான் புரியலை."

கௌசிக்குப் புரிந்தது.

புரிந்த கணத்திலேயே அவளுக்குப் புரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

அவள் கண்முன் விடியற்காலைப் பெரட்டுக் களம் வந்து நின்றது. கொழுந்து பறிக்கும் பெண்கள் கூடையைக் காலடியில் வைத்து வரிசையாக நிற்பார்கள். கண்டாக்கு ஐயா வந்து ஆளை எண்ணிப் பேர் போடுவார். பிந்தி வந்தால் அன்றைக்குப் பேர் இல்லை, வேலை இல்லை, திரும்பி வீட்டுக்குத்தான். அக்கா ராசம்மா காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் பிந்திய நாட்களில், கௌசி அவளுடைய கூடையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடுவாள். கூடையை வரிசையில் வைத்துவிட்டால் போதும், 'ஆளு இந்தா பக்கத்துலதான் போயிருக்கு' என்று மற்றவர்கள் சொல்லிக்கொள்வார்கள். கூடை நின்றால் ஆள் நிற்கிற மாதிரி. ஆனால் நடுவில் வைக்கக் கூடாது. எப்போதும் கடைசியில்தான். அப்போதுதான் ஓடி வருகிறவள் யார் கண்ணிலும் படாமல் பின்னாலிருந்து வரிசையில் சேர்ந்துகொள்ளலாம்.

அதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. லயத்தில் பிறந்தவர்களுக்கு அது தானாகவே தெரியும். பிந்திய ஆளைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. அது ஒன்றுதான் அங்கே ஒருவருக்கொருவர் செய்ய முடிந்த உதவி.

"என்ன கௌசி?"

அவள் போட்டோவின் ஓரத்தை விரல்களால் விரித்தாள். பிறந்தநாள் கூட்டத்துக்குப் பின்னால், பலகைக்குக் கீழே இருந்த பெஞ்சில் ஆள் யாரும் இல்லை. சிவப்பு பிளாஸ்க் ஒன்று மட்டும் இருந்தது. அதன் தலையில் விளிம்பு நசுங்கிய சில்வர் டம்ளர் கவிழ்ந்திருந்தது.

*

திரும்பும் வழியெல்லாம் கௌசி வாய் மூடி ஓட்டியதை பிரதாபன் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

"சொல்லாம விட்டா?" என்றாள் அவள், வீட்டு வாசலில் எஞ்சினை நிறுத்திவிட்டு.

"யோகேஸ்வரன் ஜெயிலுக்குப் போவார்."

"சொன்னா?"

பிரதாபன் இறங்கிவிட்டார்.

தனுஷிகா வாசலுக்கே வந்துவிட்டாள். நாற்காலியில் ஆண்டியப்பன் அப்படியே இருந்தார். சோற்றில் எறும்பு ஏறியிருந்தது.

"யாரு சார்?"

பிரதாபன் கௌசியைத் திரும்பிப் பார்த்தார். கௌசி முன்னால் வந்தாள்.

"அக்கா, யோகேஸ்வரன் இல்ல. அவரு தட்டைத் தொடல. அந்த ஏழாம் தட்டை யாரோ வரிசைக் கடைசி ஆணியில மாட்டியிருந்தாங்க. பக்கத்துத் தூணுல சுண்ணாம்பு இழுத்திருந்துச்சு." அவள் நாற்காலிப் பக்கம் பார்க்காமல் தொடர்ந்தாள். "நீங்களும் லயத்துலதானே பொறந்தீங்க. பெரட்டுக்கு ஆளு பிந்திட்டா கூட இருக்கவங்க என்னா செய்வாங்க?"

"கூடைய வரிசைக் கடைசியில கொண்டுபோய்..."

தனுஷிகா நிறுத்தினாள். அவள் பார்வை வாசல் ஆணியில் தொங்கிய சுருக்குப்பைக்குப் போனது. அங்கிருந்து மேசை மேல் இருந்த சிவப்பு பிளாஸ்க்குக்கு. அங்கிருந்து, மிக மெதுவாக, நாற்காலிக்கு.

"மாமா?"

கிழவர் ஏரியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மழை தூத்துச்சும்மா. கேட்டுல ஆளில்ல. உள்ள போய் ஒதுங்கினேன். பாத்தா எல்லாத் தட்டும் கீழ, நம்ம தட்டு மட்டும் மேல. அவன் எப்பவும் காட்டுவானே, அந்த ஏழு."

"நீங்களா மாமா?"

"நீ பாத்துக்கச் சொன்னியேம்மா."

அவர் குரலில் குற்றச்சாட்டு ஏதும் இல்லை. கேட்ட வேலையைச் செய்தவர் சொல்கிற மாதிரிதான் சொன்னார். ஆனால் தனுஷிகா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். அன்று மாலை வார்டு வாசலில் நின்று அவசரமாகச் சொன்ன வார்த்தைகள் முழுவதும் அவளுக்கு இப்போதுதான் திரும்பக் கேட்டன. வாய்விட்டே சொன்னாள்.

"'அவருக்கு இன்னொரு லேட்டு விழுந்துராமப் பாத்துக்கங்க மாமா.' அப்படித்தான் சொன்னேன். அய்யோ, அப்படித்தானே சொன்னேன்."

"முந்தி ரெண்டு தடவையும் அக்கரையில கட்டிட்டு பஸ்ல வந்தான்" என்றார் கிழவர். "அன்னைக்கு கேக்கு வெட்ட ஆளுங்க வரவும் பிளாஸ்க்கை விட்டுட்டு வெளிய வந்தேன், அவங்க போனப்புறம் எடுத்துக்கிட்டு, அன்னைக்கும் வருவான்னு ரோட்டைப் பாத்துக்கிட்டே நின்னேன். கடைசி பஸ்ஸும் போயிருச்சு. அப்பவே போய்ச் சொல்லியிருக்கணும். சொன்னா அவன் பேரை வெட்டிருவாங்களேன்னு... விடிஞ்சா வந்துருவான்னு..."

கௌசி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தனுஷிகா உள்ளே போனாள். உள்ளே ஏதோ உருண்டு விழும் சத்தம் கேட்டது. பிறகு, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அந்தக் காலையிலிருந்து அடைத்து வைத்திருந்த அழுகை அந்த வீட்டின் சுவர்களைப் பிடித்து உலுக்கியது. கௌசி ஓடப் போனாள். பிரதாபன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

வெகுநேரம் கழித்து அவள் வெளியே வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. கையில் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர். பிரதாபனைப் பார்த்து, "நான் பொலிசுக்குப் போகல சார்" என்றாள். "அந்த செக்ரட்டரி ஐயாவை நாளைக்குக் கருமாதிக்கு வரச் சொல்லுங்க."

பிறகு எட்டி, ஆணியில் தொங்கிய சுருக்குப்பையை எடுத்தாள். சுண்ணாம்பு டப்பா காய்ந்து கல்லாகியிருந்தது. தண்ணீர் விட்டுக் குழைத்தாள். வாடிப்போன வெற்றிலைகளில் பரவாயில்லாத ஒன்றைத் தேடி, சேலையில் துடைத்து, சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து மடித்தாள். மாமனார் காலடியில் உட்கார்ந்து நீட்டினாள்.

"போடுங்க மாமா."

அவர் தலையை ஆட்டினார். அவள் நீட்டிய கையை எடுக்கவில்லை. ஏரியின் மேல் பனி இறங்கி, அக்கரையை மறைத்து, பாறைத் திட்டை மறைத்து, கரையில் கட்டிக்கிடந்த படகுகளையும் ஒவ்வொன்றாக மறைத்தது. அவள் கை அப்படியே இருந்தது. கடைசியில் அவருடைய விரல்கள் வந்து அந்த வெற்றிலையை வாங்கிக்கொண்டன.

விரலில் மிஞ்சியிருந்த சுண்ணாம்பைத் தனுஷிகா பார்த்தாள். பிறகு, இத்தனை நாள் மாமனார் மிச்சச் சுண்ணாம்பைத் தடவியபோதெல்லாம் அவள் சண்டை பிடித்த அதே இடத்தில், கதவுநிலையில், ஒரு கோடு இழுத்தாள்.